46 டாலர் போக மீதி யார் தருகிறார்கள்? கம்யூனிட்டி காலேஜும் மாநில அரசின் பணமும்

செம்புலம் (பே ஏரியா, கலிஃபோர்னியா) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் வேலை போனது. 44 வயதில் மறுபடியும் கணினி வேலைக்கே ஓட மனம் வரவில்லை. செவிலியர் படிப்பில் சேர முடிவு செய்தேன். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய உடற்கூறியல், நுண்ணுயிரியல் பாடங்களுக்காக வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) பதிந்தேன். பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 5 யூனிட் பாடத்துக்கு 230 டாலர்தான். இந்த நாட்டில் இவ்வளவு நல்ல ஆசிரியர்களிடம் இந்த விலைக்குப் படிக்க முடியும் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

ஆனால் உடற்கூறியலுக்கு இரண்டு செமஸ்டராகக் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறேன். இந்த முறை மாலை வகுப்பு ஒன்று கூடுதலாகத் திறந்தார்கள், எனக்கும் இடம் கிடைத்தது. தொடங்க 4 நாள் இருக்கும்போது, பட்ஜெட் காரணமாக வகுப்பு ரத்து என்று மின்னஞ்சல் வந்தது. என்னோடு பதிந்திருந்த ஒரு பெண் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். மாலை வகுப்பு இல்லையென்றால் அவருக்குப் படிப்பே இல்லை.

230 டாலரை வைத்து ஆய்வுக்கூட வகுப்பு நடத்த முடியாது என்பது புரிகிறது. மீதியை மாநிலம் தருகிறது என்கிறார்கள். எந்தக் கணக்கில் தருகிறது? 30 பேர் வாசலில் நிற்கும்போது இன்னொரு வகுப்பு திறக்க ஏன் முடியவில்லை? உள்ளேயிருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை (தெற்கு கலிஃபோர்னியா) எழுதியது:

செம்புலம், நான் ஒரு காலேஜ் டிஸ்ட்ரிக்டின் (ஒரு பகுதியின் கம்யூனிட்டி காலேஜ்களை நடத்தும் உள்ளூர் அமைப்பு) பட்ஜெட் அலுவலகத்தில் 11 வருடம் வேலை பார்த்தவன். உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது, ஆனால் அது சந்தோஷமான பதில் இல்லை.

முதலில் அந்த 230 டாலர். அது காலேஜுக்குக் கூடுதல் வருமானம் இல்லை. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் இவ்வளவு சேர வேண்டும் என்று மாநிலம் ஒரு சூத்திரம் வைத்துக் கணக்கிடுகிறது. அதில் உள்ளூர் சொத்து வரியைக் கழிக்கிறது. மாணவர்கள் கட்டிய கட்டணத்தில் 98 சதவீதத்தையும் கழிக்கிறது. மிச்சத்தைத் தன் கஜானாவிலிருந்து தருகிறது. ஆக நீங்கள் பணம் கட்டினால் மாநிலம் தர வேண்டியதில் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

இப்போதுள்ள சூத்திரம் 2018-19-ல் வந்தது. ஏறக்குறைய 70 சதவீதம் சேர்க்கைக்கு, 20 சதவீதம் வசதி குறைந்த மாணவர்களின் எண்ணிக்கைக்கு, 10 சதவீதம் பட்டம், சான்றிதழ், பல்கலைக்கழக மாற்றல் போன்றவற்றுக்கு. சேர்க்கை என்றால் தலையை எண்ணுவது இல்லை. 525 வகுப்பு மணி சேர்ந்தால் ஒரு முழுநேர மாணவர் என்று கணக்கு. செமஸ்டரில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்ததும் 'சென்சஸ் நாள்' வரும். வழக்கமான வகுப்புகளில் அன்றைக்குப் பதிவேட்டில் இருப்பவர்களுக்குத்தான் பணம்.

இனி உங்கள் வகுப்புக்கு வருகிறேன். இரண்டு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று, சேர்க்கை வளர்ச்சிக்கு எவ்வளவு பணம் தருவேன் என்று மாநிலம் ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே ஒரு எல்லை வைக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிச் சேர்த்தால் அந்த மாணவர்களுக்குக் காசு வராது. எங்கள் அலுவலகத்தில் அவர்களை 'அன்ஃபண்டட்' என்போம். மனிதர்களை அப்படிச் சொல்வது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

இரண்டாவதை வெளியே யாரும் பேசுவதில்லை. 45 பேர் உட்காரும் வரலாற்று வகுப்பின் மணிக்கும், 24 பேருக்கு மேல் நிற்க இடமில்லாத ஆய்வுக்கூடத்தின் மணிக்கும் ஒரு மாணவருக்கு அதே ரேட்தான். நுண்ணோக்கி, ரசாயனம், ஆய்வுக்கூட உதவியாளர் எல்லாம் அதற்குள்ளேயே வர வேண்டும். செவிலியர், வெல்டிங், பல் சுகாதாரம் இவையெல்லாம் காலேஜுக்கு நஷ்ட வகுப்புகள். ஆங்கிலமும் வரலாறும் சம்பாதித்து இவற்றைத் தாங்குகின்றன. சேர்க்கை கொஞ்சம் தடுமாறினால் முதலில் கைவைப்பது கூடுதல் ஆய்வுக்கூட வகுப்பில்தான். ஊருக்கு அதிகம் தேவைப்படும் படிப்புதான் பட்ஜெட்டில் முதலில் சுமையாகத் தெரிகிறது.

பனங்காடு (டல்லாஸ் பக்கம்) எழுதியது:

கணக்கப்பிள்ளை சார், தெளிவாகச் சொன்னீர்கள். ஆனால் சேர்க்கைக்கு 70 சதவீதம் என்பதிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து. சென்சஸ் நாள் வரை உட்கார வைத்தால் போதும், அப்புறம் அந்தப் பிள்ளை முடித்தானா, விட்டுப் போனானா என்பதற்கு 10 சதவீதம்தானா?

டெக்சஸ் 2023-ல் ஹவுஸ் பில் 8 என்ற சட்டம் மூலம் இதை மாற்றியது. முன்பு பெரும்பாலும் வகுப்பு மணிக்குத்தான் பணம். இப்போது மாநிலப் பணத்தின் பெரும்பகுதி விளைவுக்கு. வேலைச் சந்தையில் மதிப்புள்ள சான்றிதழ் வாங்கினால், 15 கிரெடிட் (யூனிட் போன்ற பாட அளவு) முடித்து நாலாண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால், பள்ளியில் இருக்கும்போதே 15 கிரெடிட் கல்லூரிப் பாடம் முடித்தால் காலேஜுக்குப் பணம். வசதி குறைந்தவர்களுக்கும், படிப்பில் பின்தங்கியவர்களுக்கும், 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கூடுதல் எடை. செம்புலம் மாதிரி ஒருவர் செவிலியராக வெளியே வந்தால் காலேஜுக்கு லாபம். அப்போது அவருடைய மாலை வகுப்பை ரத்து செய்யக் கை நடுங்கும் இல்லையா?

மாலைவகுப்பு (சாக்ரமெண்டோ) எழுதியது:

பனங்காடு அண்ணா, நான் கணக்குப் பாடம் எடுக்கும் பகுதிநேர ஆசிரியை. உங்கள் வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதியில் பயம் இருக்கிறது.

விளைவுக்குப் பணம் என்றால், சீக்கிரம் முடிக்கக்கூடியவரைத் தேடிப் பிடிப்பதுதான் காலேஜுக்குச் சுலபமான வழி. குறுகிய சான்றிதழ்களை அடுக்குவதும் சுலபம். என் வகுப்புக்கு 52 வயதில் பின்னங்களை மறுபடி கற்க வருகிறவர் இருக்கிறார். அவர் மூன்று செமஸ்டர் எடுத்துக்கொள்வார், நடுவில் ஒரு செமஸ்டர் விடுவார், திரும்பி வருவார். அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் பகுதிநேர ஆசிரியர் ஒரு டிஸ்ட்ரிக்டில் முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே நான் இரண்டு டிஸ்ட்ரிக்டில் எடுக்கிறேன். செவ்வாய், வியாழக்கிழமைகளில் இரண்டுக்கும் நடுவில் 40 மைல் ஓட்டுகிறேன். எங்களை 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்பார்கள். கிரெடிட் பாடங்களில் 75 சதவீதத்தை முழுநேர ஆசிரியர்கள் எடுக்க வேண்டும் என்று 1988-லேயே சட்டத்தில் இலக்கு வைத்தார்கள். நான் பார்த்த எந்தக் காலேஜும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. பட்ஜெட் இறுகும்போது வகுப்பை ரத்து செய்வது ஏன் இவ்வளவு எளிது? அந்த வகுப்பை எடுப்பவர் பெரும்பாலும் எங்களைப் போன்றவர். ஒப்பந்தம் செமஸ்டருக்குச் செமஸ்டர். 4 நாள் முன்னால் சொன்னாலும் போதும். செம்புலம், உங்களுக்கு அந்த மின்னஞ்சல் வந்த அன்றைக்கு இன்னொருவருக்கும் வந்திருக்கும், அந்த வகுப்பை எடுக்க இருந்தவருக்கு.

2022-ல் மாநிலம் பகுதிநேர ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு வருடம் 200 மில்லியன் டாலர் ஒதுக்கியது. இதை நன்றியோடு சொல்கிறேன். அதற்கு முன்பு என் சக ஆசிரியை ஒருவர் காப்பீடு இல்லாமல் 9 வருடம் ஓட்டினார்.

செம்புலம் எழுதியது:

அக்கா, அந்த ஆசிரியரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சொன்னதற்கு நன்றி.

தாழம்பூ எழுதியது:

இழைக்குக் கொஞ்சம் விலகிய கேள்வி, மன்னிக்கவும். நான் ஹெச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது) இருக்கிறேன். பக்கத்துக் காலேஜில் கேட்டபோது வெளிமாநிலக் கட்டணம் என்றார்கள், 46-ஐப் போலப் பல மடங்கு. இது எங்களுக்கு எப்போதுமே அப்படித்தானா?

கணக்கப்பிள்ளை எழுதியது:

விலகிய கேள்வி இல்லை தாழம்பூ, இதுவும் அதே பணம்தான். மாநிலத்தில் வசிப்பவராகக் கணக்கில் வராதவருக்கு மாநிலம் காலேஜுக்கு எதுவும் தராது. அதனால் முழுச் செலவையும் அவரிடமே வாங்குகிறார்கள். உங்களுக்கு 46-க்கும் அந்தப் பெரிய தொகைக்கும் நடுவில் தெரிகிற இடைவெளிதான் மற்றவர்களுக்கு மாநிலம் சத்தமில்லாமல் கட்டுகிற பணம்.

ஹெச்4-ல் இருப்பவர் கலிஃபோர்னியாவில் வசிப்பவராகத் தகுதி பெறலாம், எஃப்1 மாணவர் விசாவில் இருப்பவருக்குத்தான் அது கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கும் நோக்கத்தைக் காட்டும் ஆவணங்கள் வேண்டும். வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் இவற்றைக் கொண்டுபோய் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். முதல் முறை கவுண்டரில் இருப்பவர் இல்லை என்றால் மேலே இருப்பவரிடம் கேளுங்கள்.

குறிஞ்சிமலை (நாஷ்வில்) எழுதியது:

எங்கள் மாநிலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. டென்னசியில் பில் ஹாஸ்லம் ஆளுநராக இருந்தபோது, 2014-ல் டென்னசி பிராமிஸ் சட்டம் வந்தது. 2015-ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் இலவசம். லாட்டரிப் பணத்தில் நடக்கிறது. மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் 8 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும், ஒரு வழிகாட்டியைச் சந்திக்க வேண்டும். 2018-லிருந்து பெரியவர்களுக்கும் ரீகனெக்ட் என்று விரித்தார்கள். நான் வழிகாட்டியாக மூன்று வருடம் இருந்தேன். 'காலேஜ் இலவசம்' என்ற ஒரே வார்த்தை, குடும்பத்தில் யாருமே கல்லூரி வாசல் மிதிக்காத பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு இருக்கும் பலத்தைக் குறைத்து எடை போட வேண்டாம்.

பாஸ்டன்பனி எழுதியது:

மாசசூசெட்ஸிலும் 2024 இலையுதிர் காலத்திலிருந்து எல்லா வயதினருக்கும் இலவசம். 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 4 சதவீதக் கூடுதல் வரி என்று 2022-ல் மக்களே வாக்களித்தார்கள். அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. சேர்க்கை நன்றாகவே கூடியது.

மாலைவகுப்பு எழுதியது:

குறிஞ்சிமலை, பாஸ்டன்பனி, இரண்டுமே நல்ல விஷயம்தான். ஆனால் டென்னசி முறை 'லாஸ்ட் டாலர்'. அதாவது மத்திய அரசின் பெல் மானியம் முதலில் கட்டணத்தைக் கட்டும், மிச்சம் இருந்தால் மாநிலம் தரும். மிகவும் ஏழை மாணவருக்குப் பெல் மானியத்திலேயே கட்டணம் அடைந்துவிடும். ஆக மாநிலத்தின் புதுப் பணம் அவருக்கு ஒரு டாலரும் போகாது, நடுத்தரக் குடும்பத்துக்கே போகும். நியூ மெக்சிகோ 2022-ல் இதைத் திருப்பிப் போட்டது. மாநிலம் முதலில் கட்டணத்தைக் கட்டிவிடும், பெல் பணம் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் வாடகைக்கும் மாணவர் கையில் நிற்கும்.

என் மாணவர்கள் படிப்பை விடுவது கட்டணத்தால் இல்லை. இங்கே பாதிப் பேருக்குக் கட்டணத் தள்ளுபடியே இருக்கிறது. கார் பழுதானது, வேலை நேரம் மாறியது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இவைதான் காரணம்.

பனங்காடு எழுதியது:

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் சகோதரி. அதனால்தான் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏசாப் திட்டத்தைச் சொல்ல நினைத்தேன். 2007-ல் அங்கே உள்ள கம்யூனிட்டி காலேஜ்களில் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும். பதிலுக்குப் பேருந்து, ரயில் பாஸ், புத்தகச் செலவு, அப்புறம் குறைந்த எண்ணிக்கை மாணவர்களை மட்டும் பார்க்கும் ஓர் ஆலோசகர். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து எம்டிஆர்சி நிறுவனம் ஆய்வு செய்தது. மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடியது, ஆனால் முடித்த ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது. ஒஹாயோவில் செய்துபார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே விளைவுதான். விளைவை அளந்து பார்த்ததால்தானே எது வேலை செய்கிறது என்றே தெரிந்தது?

கணக்கப்பிள்ளை எழுதியது:

பனங்காடு, அளப்பது வேறு, அளந்ததை வைத்துப் பணம் கொடுப்பது வேறு. ஏசாப்பில் பணம் முதலில் வந்தது, ஆலோசகரை நியமித்தார்கள், அப்புறம் விளைவு வந்தது. விளைவைக் காட்டு, பிறகு பணம் தருகிறேன் என்றால் கையில் ஒன்றுமில்லாத காலேஜ் எதைக் காட்டும்? ஆனால் உங்கள் ஹவுஸ் பில் 8-ல் சொத்து வரி அதிகம் வராத சின்ன டிஸ்ட்ரிக்டுகளுக்கு அடிப்படைத் தொகை ஒன்றும் உண்டு. அந்தப் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது.

கலிஃபோர்னியாவின் ஒரு வினோதத்தைச் சொல்கிறேன். 50 சதவீதச் சட்டம் என்று 1961-லிருந்து ஒன்று இருக்கிறது. டிஸ்ட்ரிக்டின் கல்விச் செலவில் பாதியாவது வகுப்பறை ஆசிரியர் சம்பளத்துக்குப் போக வேண்டும். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் ஆலோசகரும் நூலகரும் அந்தப் பாதிக்குள் வரமாட்டார்கள். இன்னொரு ஆலோசகரை எடுத்தால் சட்டத்தின் விளிம்பில் போய் நிற்போம். ஏசாப் மாதிரி எதையும் பெரிய அளவில் செய்ய நினைக்கும்போதெல்லாம் நாங்கள் முட்டிக்கொண்ட சுவர் இது.

சாகுவாரோ (சாண்ட்லர், அரிசோனா) எழுதியது:

நீங்கள் எல்லோரும் மாநிலம் எந்தச் சூத்திரத்தில் தருகிறது என்று பேசுகிறீர்கள். தராமலே விட்டால்? ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோப்பா, டூசான் இருக்கும் பீமா, இந்த இரண்டு பெரிய டிஸ்ட்ரிக்டுகளுக்கும் நடைமுறைச் செலவுக்கான மாநிலப் பணத்தை 2015-ல் போட்ட பட்ஜெட்டில் அரிசோனா அடியோடு நிறுத்தியது. சொத்து வரியும் மாணவர் கட்டணமும்தான் அதைத் தாங்கின. நாங்கள் வாங்கிய வீட்டின் வரி ரசீதில் கம்யூனிட்டி காலேஜ் என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டேன். என் மகன் அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, அந்த வரியை மட்டும் மனநிறைவோடு கட்டுகிறேன்.

செம்புலம் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று கேட்க வேண்டும். பொருளாதாரம் சரியும்போது என்னைப் போன்றவர்கள்தான் காலேஜுக்கு வருகிறோம். அப்போது மாநிலத்திடமும் பணம் இருக்காது அல்லவா? அந்தச் சமயத்தில் என்ன செய்வார்கள்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

அதுதான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். 2009-ல் உள்ளே இருந்தேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. 1984 வரை இங்கே கட்டணமே கிடையாது. 1978-ல் மக்கள் வாக்களித்து வந்த ப்ரோபொசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தது, அதனால் பாரம் மாநிலத்தின் தலைக்கு மாறியது. 1988-ல் ப்ரோபொசிஷன் 98, பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் சேர்த்து ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்தது. அதில் வழக்கமாகக் காலேஜ்களுக்குச் சுமார் 11 சதவீதம். அந்தத் தொகை மாநில வருமானத்தோடு ஏறி இறங்கும். மாநில வருமானமோ பெரிய சம்பளக்காரர்களின் பங்குச் சந்தை லாபத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. பே ஏரியாவில் நம்மவர்கள் கையில் ஆர்எஸ்யூ (நிறுவனம் சம்பளத்தோடு தரும் பங்கு) விழுகிற வருடம் காலேஜும் நிமிர்ந்து நிற்கும், பங்கு சரிகிற வருடம் இரண்டும் சேர்ந்தே சரியும்.

2009-ல் வேலை போனவர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். அதே மாதங்களில் மாநிலம் பணத்தை வெட்டியது. தர வேண்டியதில் ஒரு பகுதியையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தது, சம்பளம் போட நாங்கள் கடன் வாங்கினோம். யூனிட் கட்டணம் 20-லிருந்து 26, 2011-ல் 36, 2012-ல் 46. அந்த 46 இன்றுவரை மாறவில்லை. எல்லோரும் செய்தியில் பேசியது இந்தக் கட்டணத்தைத்தான். ஆனால் உண்மையில் நடந்தது வேறு. வகுப்புகள் மறைந்தன. கோடைக்கால வகுப்புகள் கிட்டத்தட்ட முழுவதும் போயின. நான் கையெழுத்துக்கு அனுப்பிய ஒரே பட்டியலில் 140 வகுப்புகள் இருந்தன. கட்டணம் ஏறினால் சட்டமன்றத்தில் சத்தம் கேட்கும். வகுப்பு ரத்தானால் மாணவர் தன் அதிர்ஷ்டம் அவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போய்விடுவார், யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். 2012-ல் ப்ரோபொசிஷன் 30 வரி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அதன் வருமான வரிப் பகுதி இப்போது 2030 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

அதனால் எந்த மாநிலச் சூத்திரத்தையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன். சரிவு வருடத்தில், ஆட்கள் அதிகம் வரும்போது, வகுப்பைத் திறந்துவைக்க அதில் பணம் ஒதுக்கியிருக்கிறதா? சேர்க்கைக்கு 70-ஆ 60-ஆ என்ற சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பனங்காடு எழுதியது:

140 வகுப்பு என்பது மனதை உறுத்துகிறது. டெக்சஸ் முறை இதுவரை ஒரு பெரிய சரிவைச் சந்திக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

செம்புலம் எழுதியது:

எங்கள் டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் டிரஸ்டி குழு அடுத்த வாரம் கூடுகிறது. பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம். போகலாம் என்றிருக்கிறேன். என்ன கேட்பது?

கணக்கப்பிள்ளை எழுதியது:

'அதிகப் பணம் வேண்டும்' என்று மட்டும் கேட்காதீர்கள், தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். கடந்த இரண்டு வருடத்தில் ஆய்வுக்கூடப் பாடங்களில் எத்தனை பேர் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுபோனார்கள் என்ற எண்ணிக்கையைப் பொதுவில் வெளியிடக் கேளுங்கள். அந்த எண் அவர்களிடம் இருக்கிறது. இரண்டாவது, ரத்து செய்த வகுப்புகளில் எத்தனை மாலை வகுப்பு என்று கேளுங்கள். மூன்றாவது, தொழிற்படிப்புக்கென்று மாநிலம் 2016-லிருந்து தனியாகத் தரும் ஸ்ட்ராங் வொர்க்ஃபோர்ஸ் பணத்தில் எவ்வளவு உடல்நலத் துறைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

காலமும் முக்கியம். ஆளுநர் ஜனவரி 10-க்குள் பட்ஜெட் முன்மொழிவார், மே நடுவில் திருத்துவார். டிஸ்ட்ரிக்ட் ஜூலை 1-க்குள் தற்காலிகப் பட்ஜெட்டையும் செப்டம்பர் 15-க்குள் இறுதிப் பட்ஜெட்டையும் ஏற்க வேண்டும். வகுப்பு அட்டவணை அதற்கு முன்பே முடிவாகிவிடும். ஆகவே வகுப்பு ரத்தான பிறகு போனால் தாமதம். இப்போது போவது சரியான நேரம்.

மாலைவகுப்பு எழுதியது:

தனியாகப் போகாதீர்கள். அந்த வகுப்பில் பதிந்திருந்தவர்களில் முடிந்தவர்களைக் கூட்டிப் போங்கள். ஆசிரியர் யாரென்று தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள். எங்களால் பல நேரம் வாய் திறக்க முடியாது, ஆனால் கூட்டத்தில் பின்வரிசையில் வந்து உட்கார முடியும்.

செம்புலம் எழுதியது:

மூன்று கேள்வியையும் எழுதிவைத்துக்கொண்டேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார் என்று சொன்னேனே, அவரிடம் பேசினேன். அவரும் மூன்று நிமிடம் பேசுகிறாராம், பெயர் கொடுத்துவிட்டார். கூட்டம் மாலை 6 மணிக்கு. அவருக்கு ஷிஃப்ட் 5:30-க்கு முடிகிறது, நேரே அங்கே போய்க் காரில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.